இரைச்சலுக்குக் காரணம் கீழ்க்கடை பாய்

முதல்லயே சொல்லிருதேன், என் பேரு கணேசபாண்டியன். ஒரு தடவை வாய்விட்டு முழுசாச் சொல்லிப் பாருங்க. கம்பீரமா இருக்குல்லா? எங்கய்யா மூணு நாள் யோசிச்சு வச்ச பேரு. ஆனா இந்த மும்பையில அதை முழுசாச் சொல்ல ஒரு நாதி கிடையாது. மாட்டுங்காவுல நான் வேலை பாக்குற பில்டிங்ல என் பேரு லிஃப்ட். "ஏ லிஃப்ட், நாலாவது மாடி!" அவ்வளவுதான் மரியாதை. தாராவியில எங்க கல்லியில, அதான் எங்க சந்துல, பாண்டி. வீட்டுல மாரிசெல்விக்கு நான் 'இந்தாருங்க'. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு, இன்னும் இந்தாருங்கதான்.

அதனால எனக்கு ஒரே ஒரு ஆசை. வெளிநாட்டு ரேடியோவுல, நல்ல குரல்ல, ஒரே ஒரு தடவை என் பேரை முழுசாக் கேட்டுரணும்.

சிரிக்காதீங்க. ஒருத்தன் கிரிக்கெட் பாக்கான், ஒருத்தன் புறா வளக்கான். நான் சிற்றலை ரேடியோ கேக்கேன். காலையில ஆறு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் லிஃப்ட்டுக்குள்ள மேலயும் கீழயும் போயிட்டு வாரவன் நான். சாயங்காலம் அஞ்சரைக்கு ரேடியோ முள்ளை ஒரு நூல் நகத்தினா, கடல் தாண்டி ஒரு பொம்பளை "வணக்கம், நேயர்களே"ன்னு சொல்லுதா. அது சாதாரண விஷயமா? எந்த நாடுன்னு மட்டும் கேக்காதீங்க. இந்தக் கதை வெளிய போயி அந்தம்மாவுக்கு வேலையில சிக்கல் வந்துரக் கூடாது. அந்த ஊர்லயே பிறந்து, புஸ்தகத்தை வச்சுத் தமிழ் படிச்ச அம்மா. இலக்கணம் பிசகாமப் பேசும். நம்ம பேசுறதை எல்லாம் கேட்டா மயங்கி விழுந்துரும்.

இதுல சும்மா கேட்டா மட்டும் போதாது. எப்படிக் கேட்டுச்சுன்னு எழுதிப் போடணும். அஞ்சு விஷயத்துக்கு அஞ்சஞ்சு மார்க். சத்தம் பலமா இருந்துச்சா, வேற ஸ்டேஷன் குறுக்க வந்துச்சா, இரைச்சல் உண்டா, ஏறி இறங்குச்சா, மொத்தத்துல எப்படி. இரைச்சல் சுத்தமா இல்லைன்னா அஞ்சுக்கு அஞ்சு, காது கிழிஞ்சா ஒண்ணு. எழுதிப் போட்டா அவங்க ஒரு வண்ண அட்டை அனுப்புவாங்க. பத்து வருஷத்துல நூத்துப் பதினேழு அட்டை சேத்திருக்கேன். அரிசி டப்பாவுக்குப் பக்கத்துல தனி டப்பா. மாரிசெல்வி அதைத் தொட மாட்டா, தொட்டா நான் குதிப்பேன்னு தெரியும்.

எல்லாத்துக்கும் நாலு விழும், அஞ்சு விழும். இரைச்சலுக்கு மட்டும் என்னிக்கும் ரெண்டுதான். அதுக்குக் காரணம் கீழ்க்கடை ஜெயினுலாப்தீன் பாய்.

பாய்க்குக் கடையநல்லூர். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஊர்ல இருந்திருந்தா ஒரே பஸ்ல ஏறியிருப்போம். இங்க அவரு கீழ, நான் ஏணி ஏறி மேல. கீழ அவருக்கு ஸ்கூல் பேக் தைக்கிற கார்கானா, ஆறு மிஷின். ஆறும் ஓடுச்சுன்னா ரேடியோவுல அந்தம்மா பேசப் பேச யாரோ பக்கத்துல கடலை வறுத்த மாதிரி கேக்கும்.

"பாய், அஞ்சரைல இருந்து ஆறு வரைக்கும் மட்டும் நிப்பாட்டக் கூடாதா?"

"ஏன்வே, ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கான். பிள்ளைக உம்ம ரேடியோவையா முதுகுல மாட்டிட்டுப் போவும்? போவும்வே, சும்மா காலி பீலி மண்டையைத் திங்காதீரும்."

எனக்குக் கோவம் வந்தா என்ன செய்வேன்? ஒண்ணும் செய்ய மாட்டேன், எழுதுவேன். ஒவ்வொரு லெட்டர்லயும் 'இரைச்சல்: இரண்டு'ன்னு போட்டு, பக்கத்துல 'காரணம்: ஜெயினுலாப்தீன்'னு எழுதிருவேன். மனசு ஆறிரும்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. எங்க தபால்காரர் ஏணி ஏற மாட்டாரு. அதனால மேல் வீட்டுக்காரங்க எல்லாருக்கும் கீழ்க்கடை அட்ரஸ்தான். முதல் வரியில கணேசபாண்டியன். ரெண்டாவது வரியில மே.பா. ஜெயினுலாப்தீன். மே.பா.ன்னா மேற்பார்வை, இன்னார் மூலமா அவன்கிட்ட சேத்துருங்கன்னு அர்த்தம். போன் நம்பரும் பாய் கடையோடதுதான், ஏன்னா என் போனுக்கு லிஃப்ட்டுக்குள்ள உயிரே கிடையாது. ஆக, யாரு மேல புகாரோ அவரு அட்ரஸ்ல இருந்தே புகார் எழுதிட்டு இருந்தேன். வேற போக்கிடம்?

போன மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. நேயர் கடித நிகழ்ச்சி. கீழ சீசன் வேலை, ஆறு மிஷினும் ஓடுது. நான் ரேடியோவைக் காதோட ஒட்டி வச்சிருக்கேன்.

"இந்த மாதத்தின் சிறந்த கடிதத்தை எழுதியவர், இந்தியா, மும்பை, தாராவியிலிருந்து..."ன்னு அந்தம்மா சொல்லுது. எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் மிஷினைத் தாண்டிக் கேக்கு. தாராவியில இருந்து வேற எவன் எழுதுதான்? நான்தான்!

"...நேயர் மே.பா. ஜெயினுலாப்தீன் அவர்கள். வியாழக்கிழமை பிற்பகல் அவருடன் தொலைபேசியில் உரையாடி, அடுத்த ஞாயிறு ஒலிபரப்புவோம்."

யாரு? என்னது? மே.பா.வை இனிஷியல்னு நினைச்சுட்டு அந்தம்மா! சரி, புஸ்தகத்துல படிச்சது, பேருக்கு முன்னால புள்ளி வச்ச எழுத்து இருந்தா இனிஷியல்னு நினைக்கத்தான் செய்யும். ஆனா முதல் வரியில இருந்த நான் எங்க போனேன்?

மாரிசெல்விதான் கேட்டா. "இந்தாருங்க, ஸ்டாம்ப் பத்தலைன்னு தபாலாபீஸ்ல சொன்னாங்கன்னு இன்னொண்ணு வாங்கி ஒட்டினீங்களே, அதை எங்கன ஒட்டினீங்க?"

கவர்ல இடம் இல்லைன்னு அவசரத்துல எங்கயோ ஒட்டினேன். எங்கயோ என்ன, என் தலையிலதான். அனுப்புநர் அட்ரஸ்ல என் பேரு மேலயே ஒட்டியிருக்கேன். உள்ள லெட்டருக்கு அடியில கையெழுத்து மட்டும்தான், அது ரெண்டு சுழியும் ஒரு கோடும். அட்டை அனுப்புறது வேற ஆளு, அந்தம்மா கைக்கு என் லெட்டர் போனது இதுதான் முதல் தடவை போலிருக்கு. தன் கையே தன் கண்ணைக் குத்தின கதை.

மறுநாள் நான் வேலை முடிஞ்சு வாரதுக்குள்ள கல்லி பூரா தெரிஞ்சுட்டு. ரேடியோக்காரங்க கடைக்குப் போன் பண்ணி, வியாழக்கிழமை மூணு மணின்னு நேரம் குறிச்சாச்சாம். ரஷீதா அக்கா, பாயோட வீட்டம்மா, சேமியா பாயசம் காய்ச்சி வீடு வீடா ஊத்துது. எனக்கும் ஒரு டம்ளர். என்னையவே குடிக்கச் சொல்லி!

"பாய், அது என் லெட்டரு."

"தெரியும்வே. பத்து வருஷமா உம்ம தபாலை வாங்கி வாங்கி வச்சிருக்கேன். ஒரு தடவை என் பேரு வந்தா குடியா முழுகிரும்?"

"போன்ல நீங்க என்னத்தைச் சொல்லுவீங்க?"

"நல்லா கேக்குது, ரொம்ப சந்தோஷம்னு சொல்லுவேன். ஏன், உமக்கு மட்டும்தான் காது இருக்கா?" அப்புறம் குரலை இறக்கினாரு. "அவ தங்கச்சி வீடு, காட்கோபர்ல மச்சான் வீடு, எல்லாருக்கும் சொல்லிட்டா. இப்பப் போயி இல்லைன்னா என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்க?"

ஏணி ஏறும்போது எனக்கு அழுகையே வந்துட்டு. பொய் சொல்லல. பத்து வருஷமா முள்ளைத் திருப்பித் திருப்பி விரல் நுனி காய்ச்சுப் போச்சு. காத்திருந்தவன் நான், மாலை அவருக்கு. பாயசம் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற எரிச்சல்.

வியாழக்கிழமை செத்தாலும் கீழ இறங்க மாட்டேன்னு மாரிசெல்வி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். மூணு மணிக்கு ஏணியில மூணாவது படியில உக்காந்திருந்தேன். படி கீழ கிடையாதுல்லா, நடுவுலதான்.

கார்கானாவுல மிஷின் எல்லாம் நிப்பாட்டியாச்சு. பாய் வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சிருக்காரு. ஆறு டெய்லருங்க, ரஷீதா அக்கா, எல்லாரும் சுத்தி. போன் அடிச்சுச்சு.

"வணக்கம், மே.பா. ஜெயினுலாப்தீன் ஐயா. எங்கள் ஒலிபரப்பு எப்படிக் கேட்கிறது?"

"நல்லா கேக்குது. ரொம்ப சந்தோஷம்."

மனப்பாடம் பண்ணதை ஒப்பிச்சுட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"மகிழ்ச்சி ஐயா. தங்கள் கடிதத்தில் ஒரு வரி எங்கள் அனைவரின் உள்ளத்தையும் தொட்டது. 'இரைச்சல்: இரண்டு. காரணம்: ஜெயினுலாப்தீன்.' தன் குறையைத் தானே எழுதி ஒப்புக்கொள்ளும் நேயரை நாங்கள் கண்டதே இல்லை. தங்களுக்குள் இருக்கும் அந்த இரைச்சல் எத்தகையது?"

பாய் மெதுவா தலையைத் திருப்பி ஏணியைப் பாத்தாரு. நான் முகத்தை முழங்காலுக்குள்ள புதைச்சுக்கிட்டேன். அவரு போனைக் கையால பொத்தினாரு.

"எத்தனை வருஷமாவே?"

"பத்து, பாய்."

"எல்லா லெட்டர்லயுமா?"

"எல்லாத்துலயும்."

"அட பாவி மனுஷா! என் கடையில இருந்தே, வெளிநாட்டுக்கு?"

ரஷீதா அக்கா ஏதாவது சொல்லுங்கன்னு சைகை காட்டுது. அந்த எடத்துல பாய் என்னத்தையாவது ஞானி மாதிரி உளறியிருந்தாக்கூட அந்தம்மா நம்பியிருக்கும். பேரும் புகழும் அவருக்கே நின்னிருக்கும். தாடியைச் சொறிஞ்சாரு. ஆறு மிஷினையும் ஒரு பார்வை பாத்தாரு. பொறவு பொத்தின கையை எடுத்தாரு.

"தாயி, நான் ரேடியோ கேக்குறவன் இல்ல. கேக்குறவன் கணேசபாண்டியன். எனக்கு மேல் வீடு. லெட்டர் எழுதினது அவன்தான். நான் வெறும் மே.பா. அந்த இரைச்சல் இருக்குல்லா, அதுதாம்மா நான்."

"எழுதியவர் பெயர்... கணேசபாண்டியனா ஐயா?"

"ஆமா. அவன் அட்ரஸ்ல முன்னால மே.பா. போட்டிருக்கும், அதுல வந்த கடபட் குழப்பம் இது."

"புரிந்தது, புரிந்தது! மிக்க நன்றி. ஞாயிறன்று திருத்திக்கொள்கிறோம்."

"இருங்கம்மா, அவனே இங்கதான் குத்த வச்சிருக்கான்." போனை என் பக்கம் நீட்டினாரு. நான் மூணு படியையும் ஒரே தாவுல இறங்கி வாங்கினேன். பத்து வருஷமா அந்தம்மாகிட்ட என்னென்ன பேசணும்னு யோசிச்சு வச்சிருந்தேன் தெரியுமா? ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல.

"நல்லா கேக்குது. ரொம்ப சந்தோஷம்"னேன். லைன் கட்டாயிட்டு.

பொறவு ரெண்டு நாள் பாய் என்னோட பேசல. நியாயம்தான். ரஷீதா அக்கா பாயச டம்ளரைத் திருப்பிக் கேட்டு வாங்கிட்டுப் போச்சு, அதுவும் நியாயம்தான். நானும் குனிஞ்ச தலை நிமிராம ஏணி ஏறி இறங்கினேன். காட்கோபர் மச்சான் வீட்டுக்கு அவரு என்ன சொன்னாரோ, கேக்க எனக்கு வாய் வரல.

ஞாயித்துக்கிழமை அஞ்சு இருபத்தஞ்சு. முள்ளைச் சரி பண்ணிட்டு இருக்கேன். கீழ சீசன் உச்சத்துல இருக்கு, மிஷின் சத்தம் தரையில ஏறுது. திடீர்னு ஒண்ணு நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. ஆறும் நின்னுட்டு. கரண்ட் போயிட்டோன்னு எட்டிப் பாத்தா, பாய் கடைசி மிஷினோட சுவிட்ச்ல கை வச்சு நிக்காரு.

"அரை மணி நேரம்தான்வே. ஜூன் பத்துக்கு டெலிவரி. ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் தாமதிச்சீருன்னா ரேடியோவோட சேத்து உம்மையும் பைக்குள்ள வச்சுத் தைச்சுருவேன்."

சொல்லிட்டு அவரே ஏணி ஏறி வந்தாரு. முட்டு வலிக்காரரு, முக்கி முனகி ஏறினாரு. பின்னால ரஷீதா அக்கா. டெய்லருங்க ஏணியில படிக்கு ஒருத்தரா உக்காந்துட்டாங்க.

அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்தம்மாவை நான் ஒழுங்காக் கேட்டேன். காகிதத்தைப் புரட்டுற சத்தம், மூச்சு வாங்குறது, எல்லாம் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி. மாரிசெல்வி என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஒரு திருத்தம். சென்ற வாரம் சிறந்த நேயரின் பெயரைத் தவறாக வாசித்துவிட்டோம், வருந்துகிறோம். அவருடைய சரியான பெயர்..." காகிதம் சரசரத்துச்சு. "...மே.பா. கணேசபாண்டியன்."

முதல்ல சிரிச்சது மாரிசெல்வி. அப்புறம் ஏணி பூரா சிரிச்சுது. பாய் தொடையில அடிச்சு அடிச்சுச் சிரிச்சாரு, கண்ணுல தண்ணி.

"ஏ பாண்டி! உம்ம பேருக்கு முன்னாலயும் நான்தான்வே நிக்கேன்!"

எனக்குக் கோவம் வந்திருக்கணும். வந்துச்சான்னு தேடிப் பாத்தேன், வரல. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அப்பா பேரு இனிஷியல், ஊர் பேரு இனிஷியல். எனக்குக் கீழ்க்கடை பாய் இனிஷியல். இந்த மும்பைக்கு வந்து முப்பது வருஷத்துல என்னைக் கேட்டு எது வந்தாலும் அவரு கை வழியாத்தானே வந்துச்சு? ரஷீதா அக்கா அந்த டம்ளர்ல டீ கொண்டு வந்து குடுத்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு, அவ்வளவுதான், வேற எப்படிச் சொல்ல?

ஆறு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சுட்டு. நான் அங்கனயே உக்காந்து நூத்துப் பத்தொன்பதாவது லெட்டரை எழுதினேன். சத்தம் நாலு. வேற ஸ்டேஷன் குறுக்க வரல, அஞ்சு. அடுத்த வரிக்குப் பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, பெரிய எழுத்துல போட்டேன்:

இரைச்சல்: ஐந்து. காரணம்: ஜெயினுலாப்தீன்.