பதினேழாம் விதிப்படி பூனை

அந்தக் குடியிருப்பில் பூனை வளர்க்கலாம், நாய் வளர்க்கக் கூடாது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, எத்தனையோ இடங்களில் இப்படித்தான். ஆச்சரியமெல்லாம் எது பூனை என்று சொல்லும் பதினேழாம் விதியில்தான் இருந்தது. முன்னொரு காலத்தில் இரண்டாம் மாடியில் யாரோ முடியே இல்லாத பூனை ஒன்றைக் கொண்டுவந்து வைக்க, அது பூனைதானா என்று சங்கக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டார்களாம். கடைசியில் எல்லாருக்கும் பசி. 'எந்த உயிர் எதற்கான உணவை உண்கிறதோ, அந்த உயிர் அதுவே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். காலி வயிற்றோடு சட்டம் போட்டால் வேறு எப்படி இருக்கும்?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த விதி வரமாகத் தெரிந்தது. அவரிடம் கட்டையன் என்று ஒரு நாய் இருந்தது. குட்டைக் கால், ஓயாத வால். அவர் மனைவியோ கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் ஏழு வீடு மாறி, ஏழு வீட்டு ஜன்னலுக்கும் திரை தைத்து அலுத்தவர். இந்த எட்டாவது வீட்டுச் சமையலறையில் காலை வெயில் நேராக அடுப்பில் விழுந்தது. அதைப் பார்த்ததுமே, இனி இங்கிருந்து நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே கட்டையனுக்குப் பூனை உணவு வாங்கிப் போட்டார்கள். பதிவேட்டில் 'பூனை - ஒன்று' என்று ஏறியது. மாதத்தின் முதல் ஞாயிறு சங்கச் செயலாளர் பதிவேட்டோடு வருவார். யாரையும் நம்பாதவர். சீல் வைத்த டப்பாவைத் தானே கொண்டுவந்து, தானே திறந்து, தானே தட்டில் கொட்டுவார். கட்டையன் அதை ஒரே நிமிடத்தில் வழித்துத் தள்ளும். "நல்ல பூனை" என்று சொல்லி டிக் போட்டுவிட்டுப் போவார். வால் ஆடுவதை அவர் பார்க்காமல் இல்லை. வாலைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் கட்டையன் தலையணை மாதிரி ஊதிப்போனது. ஏழாம் மாதம் வாந்தி. முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றது, கூப்பிட்டால் வரவில்லை. மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"என்ன போடுறீங்க?" என்று கேட்டார் கால்நடை டாக்டரம்மா.

"பூனைச் சாப்பாடு."

"எப்பவாச்சுமா?"

"எப்பவுமே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்பவாவது ஒரு வாய் திருடித் தின்னா நல்லா இருக்கிற நாய்க்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா அதுல கொழுப்பும் புரதமும் பூனைக்கு வேணுங்கிற அளவு இருக்கும். நாய்க்கு அது அதிகம். தினமும் போட்டு, கணையம் வீங்கியிருக்கு."

மெக்கானிக்குக்கு அது தன் தொழிலில் வைத்துப் புரிந்தது. ஆறு பேர் ஏற வேண்டிய லிஃப்டில் பத்துப் பேரை ஏற்றிவிட்டு, அலறிய மணியைக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறார்.

"மாசத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போடலாமா?"

"இனி ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. உப்பில்லாம வேகவச்ச கோழி, தோல் எடுத்துட்டு, கொஞ்சம் சோறு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா."

வீட்டில் மனைவி கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்கன்னா, கட்டுவேன். ஆனா நேரா எங்கண்ணன் வீட்டுக்குப் போவேன். நாயை யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கோழியை வேகவைத்தார். பத்து நாளும் திட்டிக்கொண்டேதான் வேகவைத்தார். கட்டையன் தேறிவந்தது. மெக்கானிக் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். நாயா, வீடா, பெண்டாட்டியா என்று யோசித்து யோசித்து அவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. செயலாளரும் வந்தார். டப்பா திறந்தது. மீன் வாசனை கூடத்தை நிறைத்தது. கட்டையன், பத்து நாளாகப் பத்தியச் சோறு தின்ற ஜீவன், கால் பறக்க ஓடி வந்தது.

மெக்கானிக் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். தட்டைக் கையில் எடுத்து, திரும்பி நின்று, நாலே வாயில் விழுங்கிவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. நாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார்.

செயலாளர் சத்தம் போடவில்லை. பதினேழாம் விதியை எடுத்து ஒருமுறை படித்தார்.

"டப்பா காலி. சாப்பிட்டது நீங்க. ஆக இந்த வீட்டுப் பூனை நீங்கதான்."

"சரிங்க" என்றார் மெக்கானிக், உதட்டைத் துடைத்தபடி.

"அப்போ அது?" பேனா கட்டையனை நோக்கி நீண்டது. "அது என்ன சாப்பிடுது?"

"சோறும் கோழியும். அடுப்புல வேகவச்சு."

"நம்ம சாப்பாடுதானே." செயலாளர் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார். "மனிதர் இரண்டு, பூனை ஒன்று. கணக்கு மாறலை. எனக்கும் வேலை மிச்சம். கையெழுத்துப் போடுங்க."

மெக்கானிக் கையை நீட்டினார். செயலாளர் பதிவேட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பூனை கையெழுத்துப் போட முடியாது, சார். வளர்க்கிறவங்க போடணும். யாரும் பொறுப்பேத்துக்கலைன்னா பூனையை வெளிய அனுப்பணும். அதுவும் விதிதான்."

மெக்கானிக் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. அண்ணன் வீடு, மூட்டை, ஏழு வீட்டுத் திரைகள் எல்லாம் மனதில் ஓடின. நாயைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தார். மீன் வாசனை நெஞ்சில் ஏறி நின்றது.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"எத்தனை வருஷமா வளர்க்கிறீங்க?" என்று கேட்டார் செயலாளர். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

"பத்தொம்பது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எடுத்தெறிஞ்சு பேசும், சொன்ன பேச்சைக் கேக்காது. இருந்தாலும் என்னுதுதான்."