ஹம்சினியின் முப்பத்திரண்டு வரிகள்

ஹம்சினிக்கு எதையும் இரண்டு தடவை படித்தால் போதும். மயிலாப்பூரில் அவர்கள் வீட்டில் அதை யாரும் திறமை என்று சொல்வதில்லை. அப்பா ரகுபதிக்கு ரயில்வே கால அட்டவணை தலைகீழ்ப் பாடம். அம்மா சூடாமணி பாட்டு வகுப்பில் நோட்டைத் தொட்டதே கிடையாது. பார்த்துப் படிப்பது அங்கே கொஞ்சம் வெட்கக்கேடு.

அதனால் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்கப் போன முதல் வாரமே, புறப்படுமுன் சரிபார்க்க வேண்டிய முப்பத்திரண்டு வரிகளும் அவளுக்கு நெட்டுரு. அப்பா சவரம் செய்தபடி, அந்த வரிகள் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புவிக்கச் சொன்னார். ஓர் எழுத்து பிசகவில்லை. மூச்சு எடுக்கும் இடம்தான் சரியில்லை என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

விமானத்தில் அட்டையை மடியில் கவிழ்த்து வைப்பாள். விரல் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டுப் போகும். வாய் அதற்கு முன்னால் ஓடும். மெக்கானிக் அய்யாதுரைக்கு இது தினசரிப் பொழுதுபோக்கு.

"இன்னாம்மா, சகஸ்ரநாமம் முடிஞ்சிச்சா? சக்கரத்துக் கட்டைய எடுத்துடட்டா?" என்பார்.

தொண்ணூற்றாறு அக்டோபர். அவளையும் சேர்த்து ஆறு பேரில் மற்ற ஐந்து பேரும் தனியாகப் பறந்துவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டால் பிறகு ஜனவரிதான். அன்று பயிற்சியாளர் அக்பர் பாஷா பரீட்சை வைத்தார். ஹம்சினி இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தபோது, விமானத்தின் மூக்கை நிதானப்படுத்தும் ட்ரிம் சக்கரத்தைச் சத்தமில்லாமல் கடைசி வரை திருகிவிட்டார்.

அவள் அதைத் தொட்டாள். சரி என்றாள். அடுத்த வரிக்குப் போனாள்.

பாஷா எஞ்சினை அணைத்தார்.

"அழகா சொல்றே. ஆனா ப்ளேனுக்குக் காது கிடையாது. வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம். அதுவும் இப்படின்னா ஜனவரி."

வீட்டில் அப்பாவுக்குக் கோபம். அந்த மனுஷருக்கு மனப்பாடம் வராது போலிருக்கிறது, பொறாமை என்றார். தம்பி சாய்நாத் மட்டும் சிரித்தான். ஹம்சினி அவனைக் கூப்பிட்டாள்.

"ஆத்துல எதையாவது மாத்தி வெச்சுண்டே இரு. நான் கண்டுபிடிக்கணும்."

ஹாலில் இருந்த முப்பத்திரண்டு பொருள்களை ஒரு தாளில் எழுதினாள். வெளியே கிளம்புமுன் வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். முதல் நாள் சாய்நாத் ஒன்பதை மாற்றினான்; நாலைத்தான் பிடித்தாள். கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் போயிருந்தது தெரியாமல் பஸ்ஸைத் தவறவிட்டாள். அம்மா தன் பங்குக்குத் தம்பூராவின் சுருதியைக் கலைத்து வைத்தாள். காதால் கண்டுபிடிப்பது செல்லாது என்று ஹம்சினி மறுத்துவிட்டாள். செவ்வாயன்று அப்பா சட்டையின் தையல் வெளியே தெரிய ஆபீசுக்குக் கிளம்பினார். பிடித்துவிட்டாள். அதைத் தான் செய்யவில்லை என்று சாய்நாத் பிறகு சொன்னான். புதன்கிழமை ஒன்றும் தப்பவில்லை.

வியாழன் காலை அட்டையை முழங்காலில் நிமிர்த்தி வைத்து, வரிக்குக் கீழே விரலை வைத்தாள். படித்தாள். பார்த்தாள். அடுத்ததைப் படித்தாள். அய்யாதுரை கொட்டாவி விட்டார்.

"இன்னாம்மா, எல்லாம் மறந்து பூட்ச்சா?"

"ஆமாண்ணா."

பாஷாவோடு மூன்று சுற்று போனாள். மூன்றாவது தடவை இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்தார்.

"ஒரு ரவுண்டு. தனியா போயிட்டு வா."

ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்தபடி புல்வெளிக்கு ஓடினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சரிபார்க்க வேண்டும் என்று ஹம்சினி நினைப்பதற்குள் வாய் தானாகக் கிளம்பிப் பத்து வரியைத் தாண்டிவிட்டது. விரலும் பத்து இடத்தைத் தொட்டுவிட்டிருந்தது. எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

வாயை மூடினாள். அட்டையை எடுத்து முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

புல்வெளியில் பாஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தயாரா என்று ரேடியோவில் டவர் கேட்டது. கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பின்னால் இன்னொரு விமானம் வந்து நின்றது. அதையும் பார்த்துவிட்டு, அடுத்த வரியைப் படித்தாள்.

பத்தொன்பதாவது வரி: காலி இருக்கையின் பெல்ட் பூட்டியிருக்க வேண்டும். பார்த்தாள். பூட்டியிருக்கவில்லை. பாஷா இறங்கிய அவசரத்தில் அதன் ஒரு முனை கதவிடுக்கு வழியாக வெளியே தொங்கியது. அப்படியே பறந்திருந்தால் மேலே போனதும் காற்றில் தகரத்தைப் படபடவென்று அடித்திருக்கும். என்ன சத்தம் என்று தெரியாமல் அவள் நடுங்கியிருப்பாள்.

எட்டிக் கதவைத் திறந்து, பெல்ட்டை உள்ளே இழுத்துப் பூட்டினாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது புல்வெளியில் பாஷா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

டவர் மறுபடியும் கேட்டது. இன்னும் பதின்மூன்று வரிகள் இருந்தன. ஹம்சினி ஒன்றையும் விடவில்லை.

பிறகு தயார் என்றாள்.