வரேன் என்று சொன்னது

போனை வைக்கும்போது எல்லாரும் "வெச்சிடறேன்" என்றுதான் சொல்கிறோம். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லே ஆகாது. "வெச்சிடறேன், வெச்சிடறேன்னு... இன்னாத்த வெக்கிற? இன்னும் ரெண்டு வார்த்த பேசினா கொறஞ்சா போயிடுவ?" என்பார். அதனால்தான் அன்றைக்கு மதியம், எதிரில் நிற்கிறவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவதுபோல, "சரிங்க, வரேன்" என்றேன். அந்த ஒரு சொல் எங்கே போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் இருந்தது கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை போகிற வழியில், ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரியில். அவர் இருப்பது மலைக்குக் கீழே, கச்சிராயபாளையத்தில், கரும்போடும் மாமியாரோடும். நடுவில் இருப்பது ஒரு பஸ்தான். புருஷன் துபாயில் இருக்கிறவள் கடல்மேல் பழியைப் போட்டுவிட்டு அழலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு, அதன்மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து கோமுகி அணைத் தண்ணீர் மின்னுவது தெரியும். அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் எங்கள் கரும்புக் கொல்லை. அவர் மடை திருப்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்ப்பேன். ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் பார்ப்பேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட வேலை அது. இரண்டு வருஷ ஒப்பந்தம். அங்கேயே தங்க வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு. சித்திரையோடு முடிகிறது. இது நடந்தது ஐப்பசியில்.

நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். "லேப் தொறக்கப் போறோம், நீதாம்மா அதுக்குப் பொறுப்பு" என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மைக்ராஸ்கோப் வந்தது. அதற்கு வேண்டிய மற்றது எதுவும் வரவில்லை. உறையைக் கழற்றித் துடைப்பேன், திரும்ப உறையைப் போடுவேன். ஒருநாள் ஆசை தாங்காமல் என் விரலையே குத்தி என் ரத்தத்தையே வைத்துப் பார்த்தேன். மற்றபடி டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது. ரத்தம் எடுப்பதும் நான்தான். ஆனால் எடுத்துப் பெயர் எழுதி ஒட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைத்து, சாயந்திர பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே வேறு யாரோ பார்ப்பார்கள். அந்தப் பெட்டி தினமும் கச்சிராயபாளையம் வழியாகத்தான் போகும். என் வீட்டு வழியாக என்னைத் தவிர எல்லாம் போய்க்கொண்டிருந்தன.

மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போனால், வாசலில் கால் வைக்கும்போதே அவர் கேட்பது, "எப்ப கெளம்பணும்?"

"ஏங்க, ஒரு வான்னு சொல்லக் கூடாதா? இப்பத்தான செருப்பக் கழட்டறேன்."

"இல்ல, தெரிஞ்சிக்கினா நல்லதுன்னு கேட்டேன்."

"சாயங்கால பஸ்ஸுக்கு."

அதைக் கேட்டதும் முகம் வாடிப்போகும். அப்புறம் சாப்பிடும்போது, பேசும்போது, எல்லாவற்றிலும் அந்தச் சாயந்திர பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். இதற்காகவே சண்டை போட்டு, சண்டை தீர்வதற்குள் பஸ் வந்துவிட்ட ஞாயிறுகளும் உண்டு.

மலைமேல் எனக்குப் பேச்சுத்துணை தைலம்மாள் அக்கா. ஆஸ்பத்திரிக்குச் சமைப்பவர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் தங்கும் அறைகளுக்கும் அவர்தான் அதிகாரி. வந்த புதிதில் குளிக்க ஒரு வாளி இல்லாமல், அலமாரி மேல் கிடந்த நீல வாளியை எடுத்தேன். ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"அது நர்ஸம்மாது. வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது."

"எப்பக்கா போனாங்க?"

"போன வருசத்துக்கு முந்தின வருசம்."

அங்கே அப்படி நிறைய இருந்தது. ஒரு குடை, ஒரு பூப்போட்ட தலையணை, ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. எல்லாம் எனக்கு முன்னால் ஒப்பந்தத்தில் வந்து, பாதியில் விட்டுப்போன பெண்களுடையது. எல்லாரும் வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அக்கா வாரம் ஒருமுறை அவற்றைத் தூசி தட்டி வைப்பார். அதைப் பார்த்து நான் கிண்டல் செய்வேன். "அக்கா, கூடவே ஒரு காவலாளியும் போடுங்க." அவர் சிரிக்கமாட்டார். கடைசியில் நான் கள்ளக்குறிச்சியில் சிவப்பு வாளி ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மதியம். அந்த வாரம் முழுக்கவே அவர், "வுட்டுட்டு வந்துடு தனுஷா, கெடக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் சொன்னார். மழை இருட்டிக்கொண்டு வந்தது, பாறை வழுக்கியது. "சரிங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும் மருந்துப் பெட்டியை வாங்கப் போனேன். அதுவும் என் வேலைதான். கண்டக்டர் பச்சமுத்து அண்ணன் பெட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நேத்து நீ வரேன்னு சொல்லியிருந்தியா?"

"இல்லியேண்ணா. ஏன்?"

"உங்க வூட்டுக்காரரு கச்சிராயபாளையத்துல மழைல குடையோட நின்னுக்கினு இருந்தாரு. பஸ்ஸு நின்னதும் ஏறி, ஒவ்வொரு சீட்டா பாத்துக்கினே வந்தாரு. 'நல்லா பாருங்கண்ணா, தூங்கிக்கினு இருக்கப் போவுது'ன்றாரு. அப்பறம் எம் பக்கத்துல இருந்த உன் பொட்டியப் பாத்தாரு. மேல நீ எழுதியிருப்ப இல்ல, கள்ளக்குறிச்சின்னு? அந்த எழுத்து மேல கைய வெச்சிப் பாத்துட்டு எறங்கிப் போய்ட்டாரும்மா. டிக்கெட்டு கேக்கக்கூட எனக்கு மனசு வரல."

மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். என்னைத் தொடாமல் பெட்டியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மதியம் பாறை ஏறினேன்.

"நேத்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமா, உரம் வாங்கப் போனேன்."

"மழைல?"

"மழைல உரம் விக்க மாட்டாங்களா?"

மாமியார் ராணியம்மாள் போனைப் பிடுங்கினார். "நீ இன்னா கேக்கற, அவன் இன்னா சொல்றான்? நீ மொத்தமா வந்துடறன்னு சொன்னியாமே, அணைக்குப் போயி மீனு வாங்கியாந்தான். நானும் கொழம்பு வெச்சேன். வந்தவன் சட்டியத் தொறந்துகூடப் பாக்கல. ஆச காட்டாதம்மா. வர்றதுன்னா வா. இல்லன்னா சித்திர வரைக்கும் அங்கயே இரு. நாங்க மனசத் தேத்திக்கிறோம்."

சித்திரை வரைக்கும் இருக்கலாம்தான். என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். மேனேஜர் கொளஞ்சியப்பன் சாரிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தபோது அவரும் அதையே சொன்னார்.

"பல்லக் கடிச்சிக்கினு இரும்மா. முழுசா முடிச்சாத்தான் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட். பாதில போனா கெடையாது. அப்பறம் வேற எங்கயும் உன்ன லேப்புக்கு எடுக்க மாட்டாங்க."

"அதுல இன்னான்னு போடுவீங்க சார்?"

"லேப் டெக்னீஷியனா ரெண்டு வருசம் நல்லா வேல செஞ்சாங்கன்னு."

"எந்த லேப்புல சார்?"

அவர் நல்ல மனிதர்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. நான் காத்திருப்பது ஒரு பொய்க்காக. நான் செய்யாத வேலையை நன்றாகச் செய்தேன் என்று ஒரு தாள் சொல்லும். அதை வாங்க என் வீட்டுக்காரர் இன்னும் எத்தனை சாயந்திர பஸ்ஸில் ஏறி என்னைத் தேட வேண்டும்? அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் படித்த படிப்புக்கு வேலை கிடைப்பது கஷ்டம்தான். பயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தப் பயத்தோடு மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன். மூன்றாம் நாள் உறையை நன்றாக இழுத்துக் கட்டிவிட்டு, நான் நின்றுவிடுகிறேன் என்று சாரிடம் சொன்னேன். சேரும்போது வாங்கி வைத்திருந்த என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கள்ளக்குறிச்சி ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். "யோசிச்சிக்கோ" என்றார். "யோசிச்சிட்டேன் சார்" என்றேன்.

படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு தைலம்மாள் அக்காவிடம் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். என் தோளில் மூட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, வழக்கமான அந்தச் சொல்லுக்காக நின்றார். பழக்கத்தில் எனக்கும் அதுதான் நாக்கு நுனிக்கு வந்தது.

"போறேங்க்கா" என்றேன்.

பிறந்ததிலிருந்து ஒரு வாசலிலும் நான் சொல்லாத சொல். அக்கா பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். "அப்டி சொல்லக் கூடாதும்மா. வரேன்னு சொல்லு."

அவர் கையை விலக்கினேன். "நான் வர மாட்டேங்க்கா. உங்களப் பாக்க ஆசதான், ஆனா வர மாட்டேன். அந்தச் செவப்பு வாளிய எடுத்து மேல வெச்சிடாதீங்க. அது உங்களுக்கு. பொழங்குங்க."

வரேன் என்றால் 'வாம்மா' என்று சொல்லலாம். போறேன் என்றால் பதிலுக்கு என்ன சொல்வது என்று நம் ஆட்கள் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை. என் அறைக்குள் போய் வாளியை எடுத்துவந்து குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். நான் மேட்டில் ஏறி பஸ்ஸுக்கு நிற்கும்வரை அந்த வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்யவில்லை. வரேன் என்று இன்னொரு முறை சொல்ல வாய் கூசியது. கச்சிராயபாளையத்தில் இறங்கியபோது உச்சி வெயில். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கொல்லைக்கு நடந்தேன்.

மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. மறுநொடியே வாடியது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம்.

"எப்ப கெளம்பணும்?"

எத்தனையோ முறை நான் சண்டை போட்ட கேள்வி. இந்த முறை கோபமே வரவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு பஸ்ஸும் இல்லை.

அவர் மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். கால் சேற்றோடு வந்து, என் தோளிலிருந்த மூட்டையைத் தன் கையில் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பை இவ்வளவு கனக்காது. வாங்கின கையோடு அதைக் குனிந்து பார்த்தார். தலையணை, போர்வை, பாய்.

அவர் திரும்பவும் கேட்கவில்லை.