பெரகியா அண்ணனின் விரதம்

அந்தியோகியாவில் யூதர்களும் கிரேக்கர்களான நாங்களும் தினமும் மாலையில் ஒரே சட்டியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். ஆண்டவர் இயேசு எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டார் என்று பாட்டு வேறு. எருசலேமிலிருந்து வந்த மூன்று விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த ஒன்று இரண்டாகிவிட்டது. யூதரல்லாத புறஜாதியோடு உட்கார்ந்து தின்றால் தீட்டு என்பது அவர்கள் கட்சி. யூதச் சகோதரர்கள் உடனே ஜன்னலோரம் தனிப்பந்தி போட்டார்கள். எங்களுக்கு அடுப்போரம்.

"இவங்க இருக்கிற பத்து நாளைக்குத்தாம்ப்பா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்கள்.

தப்பாகவே எடுத்துக்கொண்டேன். இவர்களோடு உட்காருவதற்காகவே ஆறு வருடம் முன்பு பன்றிக்கறியை விட்டவன் நான்.

மற்றவர்கள் போனதுகூடப் பரவாயில்லை. பெரகியா அண்ணன் போனதுதான் வலித்தது. செருப்புத் தைத்துப் பிழைத்த யூதர். நடுக்குவாதம் வந்த பிறகு, வாய்க்குப் போக வேண்டிய பருப்பு தாடிக்குப் போகும். நாலு வருடமாக அவருக்கு ஊட்டிவிடுவது நான்தான். இப்போது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அங்கே யார் ஊட்டுகிறார்கள், பார்ப்போம் என்று கறுவிக்கொண்டேன்.

யாரும் ஊட்டவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கைகள் அவரவர் வாய்க்கே போய்வந்தன. புறஜாதிக்காரன் ஊட்டித்தான் சாப்பிடுவேன் என்று விருந்தாளிகள் முன்னால் சொல்ல அண்ணனுக்கு வெட்கம்.

"ஏன் பெரியவரே, சாப்பிடலையா?" என்றார் விருந்தாளிகளில் மூத்தவரான எலியாசிப்.

"விரதம்."

"பாத்தீங்களா! இந்த ஊர்ல இப்படி ஒரு பக்திமானா!"

இரண்டாம் நாளும் விரதம். மூன்றாம் நாள் எலியாசிப், வாய் நிறைய மீனோடு, அண்ணனை உதாரணம் காட்டிப் பிரசங்கமே செய்தார். பக்திமான் பசியில் சுவரில் சாய்ந்திருந்தார். பகலில் கடித்துக்கொள்ளும் காய்ந்த ரொட்டி எத்தனை நாள் தாங்கும்? எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் ரோஷம், அவரே கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

நாலாம் நாள், "பெரியவரே, இன்னிக்கு ஆசீர்வாதம் நீங்கதான் சொல்லணும்" என்றார் எலியாசிப்.

அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"எனக்கு விரதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கை நடுங்குது, ஊட்டிவிட ஆள் இல்ல. அவ்வளவுதான். உங்க கையெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு. அதுல ஒண்ணாவது என் பக்கம் நீண்டுச்சா?"

அவர் தள்ளாடித் தள்ளாடி அடுப்போரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன முழிக்கிற? ஊட்டுடா, தேரோன்."

"நாலு நாளா எங்க போயிருந்தீங்க, அண்ணே?"

"புத்திகெட்டுப் போயிருந்தேன். அப்புறமா திட்டு. முதல்ல பருப்பு."

திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அதெல்லாம் அப்புறம். ரொட்டியைத் தோய்த்து ஊட்டி, தாடியைத் துடைத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

ஜன்னலோரம் பார்த்தேன். என் யூதச் சகோதரர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வேறு யாருக்கும் கை நடுங்கவில்லை. அதனால் யாரும் எழுந்து வரவில்லை.