பாதி மூங்கில்

இருபத்தெட்டு வருடமாகப் பீங்கான் கோப்பைகளுக்குக் கோடு போடுகிறேன். கோப்பையைச் சக்கரத்தில் வைத்து, பிரஷ்ஷை அசையாமல் பிடித்து, இடது கையால் சக்கரத்தைச் சுற்றினால் கோடு தானே விழும். அதற்கு அறிவு வேண்டாம். அதனால்தான் முதலாளி கோதண்டபாணி அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்.

போன மாதம் அவருக்கு ஞானம் பிறந்தது.

“கொளஞ்சிண்ணே, கோடு போட்ட கப்ப இனிமே எவனும் வாங்கமாட்டான். சைனாக்காரன் மாதிரி மூங்கில் வரையணும். பத்து நாள் கிளாஸு. வந்துதுன்னா இதே பெஞ்சுல குந்துங்க. வரலன்னா சூளப் பக்கம் போயிடுங்க.”

சூளையில் நாள் முழுக்க நின்று சுமை தூக்க வேண்டும். என் முட்டி வலி அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார், தங்கமான மனுஷன்.

கிளாஸ் எடுக்க வந்தது லிசா என்ற சின்னப் பெண்.

“சைனாவுக்குப் போயிருக்கியா பாப்பா?”

“இல்ல தாத்தா. சென்னையில ஒரு மேடம்கிட்ட கத்துக்கிட்டேன்.”

“அந்த மேடம் போயிருக்குதா?”

“தெரியலியே தாத்தா.”

ரொம்ப நல்லது.

முதல் நாள் முழுக்க மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தோம். ஊருக்கெல்லாம் செல்போன் செய்து விற்கிற சைனாக்காரனுக்கு மையைப் பாட்டிலில் ஊற்றத் தெரியவில்லை.

“அவசரப்படாதீங்க தாத்தா. உரைக்க உரைக்க மனசு அடங்கும்.”

மனசு அடங்கவில்லை. தோள்பட்டைதான் இறங்கியது.

மறுநாள் மூங்கில். ஒரே இழுப்பு, நிறுத்தி ஓர் அழுத்து, கொஞ்சம் இடம் விட்டு அடுத்த இழுப்பு. அந்த இடைவெளிதான் கணுவாம். நான் பிரஷ்ஷை அசையாமல் பிடித்து, இடது கையால் காகிதத்தை இழுத்தேன். ஈரத்தில் பர்ரென்று கிழிந்தது.

“தாத்தா, பேப்பர இழுக்காதீங்க! பிரஷ்ஷ இழுங்க!”

பக்கத்தில் இருந்த துர்கா சிரித்தாள். கோப்பையைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கிறவள் அவள். “பேப்பருக்கு அடியிலயும் ஒரு சக்கரம் மாட்டிக் குடுங்க டீச்சர்.”

பிரஷ்ஷை இழுத்தால் மூங்கில் மண்புழுவாக வந்தது. இடது கையைத் துண்டால் கட்டிப் பார்த்தோம். மண்புழுவுக்குக் குளிர் எடுத்தது.

பத்தாம் நாள் முதலாளி சுட்ட கோப்பைகளோடு வந்தார். “பேப்பரயா விக்கப் போறோம்? இதுல வரைஞ்சு காட்டுங்க.”

எனக்குச் சூளையின் வெக்கை முகத்தில் அடித்தது. கோப்பையை இடது உள்ளங்கையில் படுக்க வைத்தேன். பிரஷ்ஷை அசையாமல் நிறுத்தினேன். கோப்பையை மெதுவாக இழுத்தேன். நிறுத்து, அழுத்து, இடம் விடு. மறுபடி இழு. நிமிர்த்தி வைத்தபோது மூங்கில் நட்ட கம்பாக நின்றது.

லிசா குனிந்து பார்த்தாள். “முறை தப்பு தாத்தா. ஆனா மூங்கில் சரியா இருக்குது.”

“எல எங்கண்ணே?” என்றார் முதலாளி.

இலையை மணிக்கட்டைச் சுண்டி வரைய வேண்டும். சுண்டினேன். வெண்டைக்காய் காய்த்தது.

முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு கோப்பையைத் துர்காவிடம் நீட்டினார். அந்தக் கழுதை சட்சட்டென்று நாலு இலை வைத்தாள். காற்றில் ஆடுகிற இலை.

“செரி. தண்டு நீங்க, எல துர்கா.”

இப்போது ஒரு மூங்கிலுக்கு இரண்டு பேர். பெஞ்சு தப்பியது, பாதி பெஞ்சு.

“தாத்தா, தண்ட வெரசா குடுங்க. எல காத்துக்கிட்டு இருக்குது” என்றாள் துர்கா.

கோப்பையை இன்னும் மெதுவாக இழுத்தேன். அவசரப்பட்டால் மனசு அடங்காதே.