டொரிசாக்கியில் முடிய மறுத்த வெள்ளிக்கிழமை

அந்த மார்ச் வெள்ளிக்கிழமை மாலை டொரிசாக்கி முனையில் சூரியன் மறையவில்லை. படகுத்துறைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டது. பலத்த காற்றால் படகுப் போக்குவரத்து அன்று நின்றிருந்தது. சூரியனும் அதனால்தான் நிற்கிறது என்று ஊரார் எடுத்துக்கொண்டார்கள். தோக்கியோவில் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை.

சூரியன் மறைந்திருந்தால் பேராசிரியை குராமோச்சி செட்சுவின் வாழ்நாள் உழைப்பும் கூடவே மூழ்கியிருக்கும். ஒருவர் செய்த கேட்டுக்கு இன்னொருவர் ஈடு கேட்கும் தீங்கியல் சட்டத்தை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தலை நரைக்கும்வரை கற்பித்தவர் அவர். கோர்ட்டுக்கு வந்துசேர முடியாதவனுக்குக் காலக்கெடு ஓடக்கூடாது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார்; சக பேராசிரியர்கள் படிக்காமலே பாராட்டினார்கள். செம்பு உருக்காலையின் கழிவு வளைகுடாவில் கலந்து சிப்பி வளர்ப்பவர்களின் விரல்கள் மரத்துப்போனதிலிருந்து, சனிக்கிழமைதோறும் படகேறி வந்து, யாராவது வழக்குப் போட வருவார்களா என்று மீனவர் சங்கக் கூடத்தில் காத்திருந்தார். ஊரில் வக்கீல் கிடையாது. வழக்குப் போடுவதோ மானக்கேடு. ஆலை கோடைதோறும் வீட்டுக்கு வீடு சோயா சாஸ் பெட்டி அனுப்பியது. அதை வாங்கிய கையால் எப்படி வழக்கு மனுவில், கையெழுத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஆள் வைத்திருக்கும் பெயர் முத்திரையைக் குத்துவது என்று தயங்கியே காலத்தை ஓட்டினார்கள். கேடு நடந்து இருபது ஆண்டு கடந்தால் வழக்குப் போடும் உரிமை செத்துவிடும். அதன் கடைசி நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை; அதனால் பேராசிரியை அந்த வாரம் வியாழனே வந்துவிட்டிருந்தார். அன்று காலை ஒதாகி என்ற சிப்பிக்காரி, கொதிக்கிற நூடுல்ஸ் தண்ணீரில் தன் விரல்கள் கிடப்பது தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கூடமே பார்த்தது. அத்தனை பேரும் வீட்டுக்கு ஓடி முத்திரையை எடுத்துவந்தார்கள்.

படகு இல்லாததால் அக்கரையிலிருந்த கோர்ட்டுக்கு வளைகுடாவைச் சுற்றி நடந்தார்கள். "சென்செய், வெளிச்சம் இருக்கும்போதே எட்டி நடங்க!" என்று பேராசிரியையை விரட்டினார்கள். அவர் சிரித்தபடியே ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியில் படுத்துத் தூங்கினார்கள், எழுந்து சோற்றுருண்டை தின்றார்கள், மறுபடி நடந்தார்கள். வெள்ளிக்கிழமை அசையவில்லை. கோர்ட்டு வாசலில்தான் வந்தது சோதனை. "நீங்க முதல்ல போங்க," "ஐயோ, உங்களுக்கு முன்னாடி நானா?" என்று ஆளுக்கு ஆள் குனிந்து வணங்கி, ஒருவரும் உள்ளே போகவில்லை. கடைசியில் பேராசிரியை, பின்னாலிருந்து கூட்டத்தையே இரண்டு கையாலும் தள்ளினார். கடைசி முத்திரை விழுந்ததும் சூரியன் கல்லைப் போலக் கடலில் விழுந்தது.

மனுக்கள் கெடு தாண்டி வந்தவை என்று ஆலை வக்கீல் விசாரணையில் வாதாடினார். "வழியில படுத்துத் தூங்கியிருக்காங்க, தாடி முளைச்சிருக்கு. இது ஒரு நாளாங்க?"

நீதிபதி முகவாயைத் தடவிக்கொண்டார். "எனக்கும்தான் முளைச்சுது. ஆனா மறுநாள் பேப்பர் வரலையே?"

பேப்பர் வராததால் மறுநாளும் வரவில்லை, ஆகவே மனுக்கள் உரிய நாளிலேயே வந்தன என்று நீதிபதி வழக்கை ஏற்றுக்கொண்டார். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாத பேராசிரியை பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினார், அழுதார், மறுபடி கத்தினார்.

கட்டுப்போட்ட கையால் ஒதாகி அவர் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "இறங்குங்க சென்செய். நீங்க விழுந்து கிழுந்து வச்சா, நாங்க யார் மேல கேஸ் போடுறது?"