அசையாத முள்

தர்மபுரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர் தீர்த்தகிரி, 1938ஆம் வருஷம் விஜயதசமியன்று, உலகத்தைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் செய்தார்.

பனிக்கட்டியே அடுப்பாகத் தோன்றும் அளவுக்குக் கடுங்குளிரில் வைத்தால், சில உலோகங்களில் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது என்று ஹாலந்து தேசத்தில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் குளிரை உண்டாக்கும் இயந்திரங்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். தர்மபுரியில் ஐஸ் கட்டி வேண்டுமென்றாலே சேலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஆகவே தீர்த்தகிரி, குளிர் இல்லாமலே அந்தக் குணத்தைக் காட்டும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். பெங்களூரில் பேராசிரியர் நஞ்சுண்டய்யாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் இல்லையென்று வந்தது. ஏதாவது ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்றிருந்தார் பேராசிரியர். வயது ஏறிக்கொண்டிருந்தது. வயது வரம்பு தாண்டிவிடும் என்பதால் அடுத்த வருஷம் கேட்கவும் முடியாது.

தீர்த்தமலை அடிவாரத்தில் பொறுக்கிய கனமான கருங்கல் ஒன்றில் அன்று மின்சாரத்தை ஓட்டினார். ஓடுகிறது என்று ஒரு மீட்டர் காட்டியது. கல்லில் தடை இருந்தால் பக்கத்திலிருந்த, நுண்ணிய மின்சாரத்தையும் காட்டும் கால்வனாமீட்டரின் முள் விலக வேண்டும். விலகவில்லை. கம்பிகளை மாற்றினார், பாட்டரியை மாற்றினார். முள் பூஜ்யத்திலேயே நின்றது. மற்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஏதாவது நடந்தால் சந்தோஷம். இவருக்கோ ஒன்றும் நடக்காததுதான் சந்தோஷம். சோதனைக்காக ஓர் இரும்புத் துண்டையும் வைத்துப் பார்த்தார். அதற்கும் முள் அசையவில்லை. இரும்புக்குத் தடை குறைவுதானே என்று சமாதானம் செய்துகொண்டார். அதன்பின் அந்தக் கருவியை வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

கல்லில் பாதி பெங்களூருக்குப் போயிற்று. சில வாரங்களில் பேராசிரியர் தாமே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. மேட்டூர் மின்சாரம் வழியில் துளிகூட வீணாகாமல் இனி நம் ஊர்க் கல் வழியாகத்தான் போகப் போகிறது என்று தலைமை ஆசிரியர் ராஜாமணி கடைத்தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மாலைக்கும் ஏற்பாடு செய்தார்.

வருகிறவர் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாதே என்று, ஆயுத பூஜைக்குக் கருவிகளில் அப்பிய சந்தனத்தைத் துடைக்க, பேராசிரியர் வரும் நாள் காலை தீர்த்தகிரி ஈரத்துணியை எடுத்தார். பூஜைச் சந்தனம் தானாக உதிர வேண்டுமே தவிரத் துடைக்கக் கூடாது என்று அதுவரை விட்டுவைத்திருந்தார். கால்வனாமீட்டரின் பக்கவாட்டில் காய்ந்திருந்த கட்டி பெயர்ந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது முள் ஆடாமல் பூட்டிவைக்க அங்கே ஒரு சின்ன விசை உண்டு. அது பூட்டியிருந்தது.

ஆய்வுக்கூட உதவியாளர் மதலைமுத்துவைக் கூப்பிட்டார். மதலைமுத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; அதனாலேயே பள்ளிக்கூடத்துப் பூஜையில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருப்பவர்.

"இத யாருய்யா பூட்டுனது?"

"நாந்தாங்க. அன்னைக்கி எந்த ஆயுதமும் வேல செய்யக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? முள்ளு ஆடிக்கிட்டே இருந்துச்சுங்க."

"மறுநாளு தெறக்கறதுக்கு என்ன?"

"விஜயதசமிக்கு மொதக் கை நீங்கல்ல வெக்கோணும்? நான் தொட்டா சாங்கியம் என்னாத்துக்கு ஆவறது?"

தீர்த்தகிரி விசையைத் திறந்தார், கல்லுக்கு மின்சாரம் கொடுத்தார். முள் துள்ளிக்கொண்டு மறுகோடிக்குப் போய் முட்டியது.

விஷயத்தைக் கேட்ட ராஜாமணி, பேராசிரியர் போகும்வரை அந்த விசையை மறுபடி பூட்டிவைத்தால் என்ன என்று யோசனை சொன்னார். தீர்த்தகிரி பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. நஞ்சுண்டய்யா மாலையை வாங்கிக்கொண்டு, உட்காராமலேயே, பெங்களூரிலும் சோதித்தாகிவிட்டது, அங்கும் அதே பூஜ்யம்தான் என்றார். ராஜாமணி தீர்த்தகிரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வாயைத் திறக்காமலிருந்தால் போதும், பெங்களூர் கிடைத்துவிடும். தீர்த்தகிரியோ பூட்டு, சந்தனம், மதலைமுத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

பேராசிரியர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ தீர்த்தகிரியைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

"நம்ம கூடத்துலயும் ஆயுத பூஜை ரொம்ப ஜோரா நடக்கும்" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் எங்க கால்வனாமீட்டர உங்க கல்லுக்குத்தான் முதல்ல எடுத்தோம். விசைய யாரும் பாக்கல."

இந்தக் கல்லைப் பற்றி லண்டன் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை இந்நேரம் கப்பலில் போய்க்கொண்டிருக்கும், உடனே தந்தி கொடுத்து நிறுத்த வேண்டும் என்றார் பேராசிரியர். தந்தி ஆபீஸ் எங்கே என்றும் கேட்டார்.

"கட்டுரையில எம் பேரு இருக்குதுங்களா?"

நஞ்சுண்டய்யா கழுத்து மாலையைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இல்ல" என்றார்.

"அப்பிடீன்னா சரிங்க."

பேராசிரியர், இங்கே நடந்ததும் அங்கே நடந்ததும் நமக்குள்ளேயே இருக்கட்டும், ஜனவரியிலேயே கூடத்தில் வந்து சேர்ந்துவிடுங்கள், வயதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி வேகமாக நடந்தார்.